உல்லாசப் பயணி

உல்லாசமாம், உல்லாசம். பியூலா பல்லைக் கடித்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டை அரைகுறையாக முடித்துவிட்டு வந்து, கடற்கரையில் வரிசையாகப் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளில் ஒன்றைத் தென்னை நிழலுக்குள் இழுத்துப்போட்டு, அதில் சாய மனம் வராமல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கடல். கடலுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டும் தூரத்தில், பச்சையாக ஒரு கோடு; கோட்டுக்கு மேலே ஒரு செல்போன் டவர், பள்ளிவாசலின் வெள்ளைத் தூண்; அவ்வளவுதான் அந்தத் தீவு. அங்கே இருக்கிற ஒரே பள்ளிக்கூடத்தில்தான் அவளுடைய வீட்டுக்காரர் ஏசுவடியான் பல வருஷமாகக் கணக்கு நடத்துகிறார். இந்தப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் வந்து குளித்துக் களிப்பதற்கென்று ஒரு தீவு முழுவதையும் வளைத்துக் கட்டிய ரிசார்ட்டில், அவள். நடுவில் கிடக்கிற தண்ணீரைப் படகில் கடக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. ஆனால் கடக்கக் கூடாது. காலையில் வரவேற்பறையில் அந்தப் பையன் துஷ்யந்தன், இங்கே தமிழ் பேசுகிற ஒரே ஆள், மட்டக்களப்புக்காரன், கையைக் கட்டிக்கொண்டு எவ்வளவு மரியாதையாகச் சொன்னான். "அம்மா, நீங்க உல்லாசப் பயணியாத்தானே வந்திருக்கிறீங்க. உல்லாசப் பயணிகள் ரிசார்ட்ட விட்டு ஆக்கள் குடியிருக்கிற தீவுக்குப் போக ஏலாது. இந்தியாவில இருந்து வாற ஆக்களுக்கு இப்ப அதுதான் சட்டம். அங்க இருக்கிற ஆக்களும் இங்க வந்து கால் வைக்க ஏலாது. நான் என்ன செய்யிற, சொல்லுங்க பாப்பம்." அவன் பேரில் தப்பில்லை. தப்பு அந்த வார்த்தையின் பேரில். ஊரில் சுற்றுலாப் பயணி என்பார்கள், அது ஏதோ சுற்றிவிட்டுப் போகிறவன் என்பதோடு போயிற்று. இவர்கள் தமிழில் உல்லாசம் என்று நெஞ்சைத் தொட்டே கேட்டுவிடுகிறார்கள். உல்லாசமா வந்தியா? ஆமா, உல்லாசமாத்தான் வந்தேன். பிள்ளையைப் புதைத்துவிட்டு, புதைத்த இடத்தில் சிலுவை நட்டு, அதில் மழையும் வெயிலும் பட்டு எழுத்து மங்கி, அதற்கு மறுபடி பெயிண்ட் அடிக்க ஆள் சொல்லிவிட்டு, உல்லாசமாக வந்திருக்கிறேன்.

மாலே விமான நிலையத்திலும் இதேதான். முக்காடு போட்ட ஒரு சின்னப்பெண், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே இங்கிலீஷில் கேட்டாள், எதற்காக வருகிறீர்கள் என்று. பியூலாவும் நேராக, இருபது வருஷம் மைதானத்தில் நின்று பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த பி.டி. டீச்சருடைய குரலில், என் கணவரைப் பார்க்க என்றாள். பெண்ணின் கை நின்றுவிட்டது. கணவர் எங்கே என்றாள். தீவின் பேரைச் சொன்னாள் பியூலா. அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முகக்கவசத்துக்குள்ளேயே குரலைத் தணித்து, மேடம், அப்படிச் சொன்னால் நான் உங்களை உள்ளே விட முடியாது, குடும்பத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு விசா நிறுத்தியிருக்கிறது, ரிசார்ட்டுக்கு வந்திருந்தால் மட்டும்தான், நீங்கள் ஹாலிடேக்குத்தானே வந்திருக்கிறீர்கள் என்றாள். அது உதவி. அந்தப் பிள்ளை செய்தது பெரிய உதவி, பியூலாவுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்க வரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவன் செருமினான். ஹாலிடே, என்றாள் கடைசியில். டப்பென்று முத்திரை விழுந்தது. வெல்கம், மேடம், என்ஜாய். அந்தச் சத்தம் இப்போதும் காதில் விழுந்தது அவளுக்கு. என்ன மாதிரி நியாயம் இது? முன்பின் தெரியாத ஒருத்தி மூக்கில் குச்சியை விட்டு எடுத்துக் கிருமி இல்லை என்று எழுதின காகிதத்தோடு வந்து, மணலில் மல்லாந்து கிடந்தால் கொரோனா பரவாது. அதே காகிதத்தோடு வந்து, கட்டினவனுக்கு ஒரு வாய்ச் சோறு போட்டால் பரவிவிடும். கூத்தடிக்கிறவளைக் கிருமி பார்த்து ஒதுங்கிப்போகும்போல. அழ வந்தவளைத்தான் பிடிக்கும். யார் உட்கார்ந்து எழுதினார்கள் இதை? எந்த ஏசி ரூமில்? எழுதினவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா, இல்லையா? சரி, அவர்கள் நாடு, அவர்கள் பயம், சின்னத் தீவு, ஒருத்தருக்கு வந்தால் ஊர் முழுக்க வரும், ஆஸ்பத்திரி கிடையாது. அதுவும் புரியாமல் இல்லை. புரிகிறதே என்றுதான் இன்னும் எரிச்சலாக வந்தது. எதிரி என்று ஒருத்தனைக் கைகாட்ட முடிந்தால் அவன் சட்டையைப் பிடிக்கலாம். இங்கே எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். எல்லாக் காரணமும் சரியாகவே இருக்கிறது.

நாற்காலியின் விளிம்பு தொடையில் குத்தியது; நகர்ந்து உட்கார்ந்தாள். கடலின் நிறத்தைப் பார்க்கவும் கோபம் வந்தது, இப்படியா ஒரு நிறம், கண்ணைப் பறிக்கிற மாதிரி, குளச்சல் கடலைப் போல அழுக்குப் பச்சையாக இருந்துவிட்டுப் போனால் என்ன. நேற்று அறைக்குள் நுழைந்தபோது படுக்கையில் வெள்ளைத் துண்டைச் சுருட்டி இரண்டு அன்னப்பறவை செய்து, அலகோடு அலகு ஒட்டவைத்து, சுற்றிலும் பூவிதழ் தூவியிருந்தார்கள். இருக்கிற அறைகளில் மலிவானது தேனிலவு ஜோடிகளுக்கான திட்டத்தில்தான் கிடைத்தது, ஒருத்தி தனியாக வந்தாலும் அதே விலை. மகள் ஜெபிஷாவின் கல்யாணத்துக்கென்று அவள் பிறந்ததிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி வைத்த நகையை விற்றுத்தான் அந்த இரண்டு அன்னத்தையும் வாங்கினாள் பியூலா. நகைக்கடைக்காரர் கேட்டார், என்ன டீச்சர், பழசைக் கொடுத்துப் புதுசு எடுக்கேளா என்று. இல்லை, டூர் போறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். தங்கச்சிகூடத் திட்டினாள், கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு, அங்க போயும் அவரப் பாக்க முடியாதுண்ணா எதுக்குப் போற என்று. எதிர்த்தாற்போல நின்றாலாவது போதும் என்றாள் பியூலா. இப்போது நிற்கிறாள், இல்லை, உட்கார்ந்திருக்கிறாள். போதுமா? பத்தாது. எதிர்த்தாற்போல என்பது எவ்வளவு பெரிய வதை என்று ஊரில் இருந்தபோது தெரியவில்லை. நாகர்கோவிலில் இருக்கும்போது அவர் தூரத்தில் இருந்தார், அவ்வளவுதான். இங்கே காற்று திரும்பும்போது அந்தப் பள்ளிவாசலின் பாங்குச் சத்தம் கேட்கிறது. அவர் காதிலும் அதே நேரத்தில் அது விழுந்திருக்கும். நேற்றுச் சாயங்காலம் கரையில் நின்று அந்தத் தீவைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினாள். கூடவே பேசியும் அனுப்பினாள்: "இது எங்க நிண்ணு எடுத்ததுண்ணு தெரியுதா உங்களுக்கு? நான் எதிர்க்கரையிலதான் இருக்கேன். நாளைக் கழிச்சு காலம்பற பிளேன். இந்தியாக்காரங்களுக்கு மொத்தமா அடைக்கப்போறாங்கண்ணு எல்லாரும் சொல்லுகாங்க. அதுக்குள்ள உங்களப் பாக்கணும். எப்பிடிண்ணு எனக்குத் தெரியாது. அது உங்க கணக்கு." அனுப்பின கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் இரண்டு கோடும் நீலமாயின. கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ராத்திரி முழுவதும் இல்லை, விடிந்தும் இல்லை. நீலக் கோடு மட்டும்.

அந்த நீலக் கோட்டிலிருந்து நினைப்பு உருண்டுகொண்டு போய் வழக்கமான இடத்திலேயே முட்டி நின்றது. போன வருஷத்து ஊரடங்கு. காலி ரோடு. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் பின்சீட்டில் ஜெபிஷா காலை மடக்கிக்கொண்டு கிடக்கிறாள், பிளஸ் டூ பரீட்சையில் கடைசிப் பேப்பருக்கு முன்னால் ஊரை அடைத்துவிட்ட குறையோடு இருந்த பிள்ளை, ஏம்மா, பாஸ் வாங்கினியா என்று கேட்கிறாள், போலீஸ்காரன் பாஸ் கேட்கிறான், பாஸ் இல்லை, பிள்ளையைப் பாருங்க சார் என்று கதவைத் திறந்து காட்டுகிறாள் பியூலா, அவன் இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு விடுகிறான். முதல் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இருக்கிறது என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். வயித்து வலிக்காரிங்க, குடலா என்னவோ தெரியலண்ணு கத்தினாள். டெஸ்ட் ரிசல்ட் வரட்டும். இரண்டாவது ஆஸ்பத்திரியில் டாக்டரே வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, அப்பெண்டிக்ஸ் மாதிரிதான் தெரியுது, ஆனா ரிசல்ட் இல்லாம தியேட்டருக்குள்ள எடுக்க எனக்கு அனுமதி இல்லம்மா என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கண் கலங்கி என்ன? மூன்றாவது இடத்தில் எடுத்தார்கள், எடுத்தபோது குடல்வால் வெடித்து உள்ளே பரவிவிட்டிருந்தது. ரிசல்ட் வந்தது பிறகு, எல்லாம் முடிந்த பிறகு. நெகட்டிவ். அந்தத் தாளை பியூலா கிழிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. எங்கே போயிற்று என்று தெரியாது. அதற்குப் பிறகும் விதி விடவில்லை. அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்று வாசலில் வந்து நின்று எண்ணினான் ஒருத்தன். ஜெபிஷாவின் சினேகிதிகள் ரோட்டின் அந்தப் பக்கத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு. அந்தப் பிள்ளைகளை உள்ளே விடுய்யா, வேண்டாதவனெல்லாம் உள்ள நிக்கான் என்று கத்தத்தான் நினைத்தாள். குரல் வரவில்லை. கிரவுண்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கேட்கிற குரல் அன்றைக்கு வரவில்லை. தங்கச்சி மகன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், அதற்குள்ளே ஏசுவடியான் ஒரு சின்னச் சதுரமாக, பாதி ஜெபத்தில் அப்படியே உறைந்துபோய், வாய் பாதி திறந்தபடி. நெட் போயிட்டு, பெரியம்மா. குழிக்குள் மண் விழும்போது அந்தச் சதுரம் இருட்டாக இருந்தது.

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா அப்போது? பிளேன் இல்லை, கப்பல் இல்லை, உலகத்தையே அடைத்துப்போட்டிருந்தார்கள். பிறகு கப்பல் விட்டார்கள். அதில் இடம் வந்தது என்று அவரே சொன்னார், சொல்லிவிட்டு, ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு விட்டுக்கொடுத்தேன் பியூலா, எனக்கென்ன, நான் அடுத்ததுல வாறேன் என்றார். அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அப்படிப்பட்ட மனுஷன் என்று. அடுத்த கப்பலில் பேர் வரவில்லை. பிறகு பிளேன் விட்டபோது பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய வேண்டும். பரீட்சை முடிந்தபோது, போனால் திரும்ப உள்ளே விடமாட்டான், புது உத்தரவு என்றார். அந்த உத்தரவை மாற்றினபோது, அவர் இருக்கிற தீவில் இரண்டு பேருக்கு வந்து தீவையே அடைத்துவிட்டார்கள். திறந்தபோது ஊரில் இரண்டாம் அலை. போனில் என்ன பேசினார்கள் இவ்வளவு காலமும்? ரேஷன் கார்டு. மோட்டார் ரிப்பேர். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். ஜெபிஷா என்ற பெயர் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. பியூலா சொன்னால் லைன் சரியில்லை, கேட்கவில்லை என்பார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள் அவள், எத்தனையாவது தடவையோ, இந்த மணலில் உட்கார்ந்து. ஒன்றாவது பொய்யா? கிடையாது. கப்பலில் கர்ப்பிணி இருந்தாள்தான். பரீட்சை வந்தது. உத்தரவு போட்டார்கள். தீவை அடைத்தார்கள். எல்லாம் நிஜம், அதுதான் கொடுமை, ஒரே ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். ஒவ்வொரு உத்தரவு வரும்போதும் அவர் குரலில் ஒன்று கேட்டதே, அது என்ன? வருத்தம் என்றுதான் நினைத்தாள். இப்போது, எதிர்க்கரையில், நீலக் கோடு விழுந்து ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் போன பிறகு, அது வருத்தம் இல்லை என்று தோன்றியது. பாரம் இறங்கினவனுடைய மூச்சு அது. அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். மழை வந்து ஓட்டப்பந்தயம் நின்றுபோனால் ஓட விரும்பாத பிள்ளைகள் விடுகிற மூச்சு. விதி அவரைத் தடுக்கவில்லை. அவர்தான் விதிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வர அவருக்கு மனமில்லை. இவள் பாட்டுக்கு ஆபீசர்களையும் அரசாங்கங்களையும் சபித்துக்கொண்டு, மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு, என் வீட்டுக்காரரை விடுங்க விடுங்க என்று, ச்சே. கன்னம் சுட்டது. வெயில் நகர்ந்து நிழலைத் தின்றிருந்தது. அவள் நாற்காலியை நகர்த்தவில்லை.

"எக்ஸ்கியூஸ் மீ, ஆன்ட்டி." ஒரு வடக்கத்திப் பெண், கை நிறைய மருதாணியும் சிவப்பு வளையலுமாக, போனை நீட்டினாள். பின்னால் புது மாப்பிள்ளை ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டு நின்றான். பியூலா எழுந்து எடுத்துக்கொடுத்தாள். இன்னும் கொஞ்சம் பின்னால் போங்க, சிரிங்க என்று கையைக் காட்டினாள், அவர்கள் தோளில் தோள் சாய்த்துக் கடலுக்கு முதுகைக் காட்டிச் சிரித்தார்கள். படச் சட்டத்துக்குள்ளே அந்தத் தீவும் விழுந்தது, ஒரு பச்சைக் கோடாக. பெண் நன்றி சொல்லிவிட்டு, நீங்கள் தனியாகவா வந்தீர்கள், அங்கிள் வரலையா என்று கேட்டாள். வருவாரு, என்றாள் பியூலா, தமிழிலேயே. என்ன திமிர் அந்த வார்த்தைக்கு. வரவில்லை என்றால்? நாளைக் காலை அந்த அன்னப்பறவைகளை உதறிப்போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். போய் யாரிடம் சொல்வது? அவரை ஊரே நல்லவர் என்கிறது. பிள்ளை செத்ததற்கு வர முடியாமல் தீவில் தனியாகக் கிடந்து தவிக்கிற மனுஷன் என்று சபையில் ஜெபிக்கிறார்கள். அவள் தவிக்கவில்லையா? அவள் என்ன, ரிசார்ட்டிலா இருந்தாள்? அந்தக் கட்டிலை, அந்தச் சீருடையை, பூப்போட்ட அந்தத் தலையணை உறையைத் தினமும் பார்த்தது யார்? துஷ்யந்தன் தட்டில் இளநீரோடு வந்து நின்றான். "வெயிலுக்குள்ள இருக்கிறீங்க அம்மா." அவள் வாங்கிக்கொண்டு, "உனக்கு ஊருக்குப் போகத் தோணலையாப்பா?" என்றாள். "தோணாம? அம்மாவக் கண்டு ஒரு வருசத்துக்கு மேல. போனா ரெண்டு பக்கமும் தனிமைப்படுத்தலுக்கே லீவு முடிஞ்சிரும்." "போக முடிஞ்சா போவியா?" அவன் சிரித்தான். "இதென்ன கேள்வி அம்மா. நீந்தியெண்டாலும் போவன்." இந்தப் பிள்ளையால் முடியாது. அவரால் முடியும், மாட்டார். இரண்டுக்கும் ஒரே விதியின் பேரைத்தான் சொல்கிறார்கள்.

இளநீரை உறிஞ்சாமல் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் பச்சைக் கோட்டிலிருந்து ஒரு புள்ளி பிரிந்தது. பிரிந்ததா, முன்னமே இருந்ததா? மீன்படகாக இருக்கும். காலையிலிருந்து எத்தனை புள்ளி, எல்லாம் திரும்பி எங்கேயோ போய்விட்டன. இதுவும் போகும். போகட்டும். வளைந்த மூக்கு தெரிந்தது. ஒருவன் பின்னால் நின்று காலால் சுக்கான் பிடித்து ஓட்டுகிறான். நடுவில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை, முழங்காலில் இரண்டு கையும், பள்ளிக்கூட பெஞ்சில் உட்காருவது மாதிரி நிமிர்ந்து. பியூலாவின் கையிலிருந்து இளநீர் மணலில் விழுந்தது. இப்படி உட்காருகிறவர் உலகத்தில் ஒரே ஆள். எழுந்தாள். மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம், உச்சந்தலை வரைக்கும், வாரும், வாரும், இப்பமாவது நேரம் கிடைச்சுதா என்று. படகு ஆழம் குறைகிற இடத்தில், ஆரஞ்சு மிதவைகளைக் கட்டி எல்லை போட்டிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம், எஞ்சினைத் தணித்து நின்றுவிட்டது. அவர் எழுந்து நின்றார். கை அசைத்தார். அவ்வளவுதான். அவ்வளவுதானா? பார்த்தாச்சு, கை காட்டியாச்சு, விதிப்படி நடந்தாச்சு, போய்ட்டு வாறேன் என்று திருப்பச் சொல்லிவிடுவார் படகை. ரிசார்ட்டின் படகுத்துறையில் நின்ற காவல்காரன் ஒலிபெருக்கியை எடுத்து அவர்கள் பாஷையில் படகைப் பார்த்து ஏதோ சொன்னான். படகுக்காரன் கையை விரித்தான். பியூலா செருப்பைக் கழற்றினாள். சுடிதாரோடு தண்ணீருக்குள் இறங்கி நடந்தாள். "மேடம்! மேடம்!" என்றான் காவல்காரன். "குளிக்கப் போறேன்," என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "ஹாலிடே!" பின்னால் துஷ்யந்தனின் குரல் அவனிடம் இங்கிலீஷில் கெஞ்சிக்கொண்டிருந்தது, கெஸ்ட் குளிக்கிறார், கெஸ்ட் குளிப்பதற்கு என்ன தடை என்று.

தண்ணீர் வெதுவெதுப்பாக, முழங்காலுக்கு மேல் ஏறாமலே வெகுதூரம் போயிற்று, பிறகு இடுப்பு, அடியில் மணல் தெளிவாகத் தெரிந்தது, தன் கால்விரல்கூடத் தெரிந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படகு ஒரு மேசை தூரத்தில். அவர் தலை முழுக்க நரைத்துவிட்டது. போனில் தெரியவில்லை, அல்லது போனைக் கொஞ்சம் தாழ்த்தியே பிடித்திருப்பார். முகத்தில் நீல மாஸ்க். "பியூலா," என்றார். "எப்பிடி இருக்க?" அந்தக் கேள்விக்கு அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. "இறங்குங்க," என்றாள். "இறங்கக்கூடாது பியூலா. தெரிஞ்சா ஸ்கூல்ல..." "தரையிலதான் கூடாது. நான் உங்க தீவுல கால் வைக்கக்கூடாது, நீங்க இந்தத் தீவுல கால் வைக்கக்கூடாது. இது தண்ணி. இதுக்கு எவன் சட்டம் போட்டிருக்கான்? இறங்குங்க." அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், இறங்கவில்லை. கையின் நரம்பு புடைத்திருந்தது. "சட்டம் இல்ல," என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் தண்ணீர் மேல் எல்லாம் கேட்டது. "உங்கிட்ட என்ன பொய் சொல்ல. சட்டம் இல்ல. என்னால முடியல. இங்க இருக்கும்போ அவ அங்க வீட்ல இருக்கா, பியூலா. ஸ்கூல் விட்டு வந்திருப்பா, உங்கூடச் சண்டை போடுவா, மாடியில பாட்டுப் போடுவா. நான் அங்க வந்தா அவ இல்லாம ஆயிருவா. ஒவ்வொரு தடவையும் வரமுடியாதுண்ணு சொல்லும்போ, சரி, இன்னும் கொஞ்ச நாளைக்கு அவ இருக்கட்டும்ணு..." படகுக்காரன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பியூலா எத்தனையோ நினைத்து வைத்திருந்தாள். கோழை என்று சொல்வாள், ஒளிஞ்சிட்டிய என்று சொல்வாள், நகைக்கணக்குச் சொல்வாள், செல்போன் சதுரம் இருட்டானதைச் சொல்வாள். எல்லாம் போய், அடிவயிற்றிலிருந்து ஒன்று மட்டும் எழும்பி வந்தது, அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் வராத குரலில். "அப்ப எனக்கு மட்டும் செத்தாப் போதுமா அவ?" அந்தக் குரல் படகுத்துறை வரைக்கும் போயிற்று. காவல்காரனின் ஒலிபெருக்கி நடுவிலேயே நின்றது. "உங்களுக்கு அவ பாட்டுப் போட்டுட்டு இருக்கணும். எனக்கு மட்டும் மண்ணுக்குள்ள கெடக்கணும், இல்லியா? ரெண்டுபேருக்குமா பிறந்த பிள்ளய நான் ஒருத்தி தனியா சாகக் குடுத்திட்டு நிக்கேன். உங்க பங்க யாரு வந்து எடுப்பா? சொல்லுங்க! எந்த நாட்டுக்காரன் எழுதின சட்டம் அது?" அவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார், அடிபட்டவர் மாதிரி, வகுப்பில் இத்தனை வருஷம் தான் போட்ட கணக்கில் ஒரு பிள்ளை எழுந்து நின்று தப்பைக் காட்டின மாதிரி. பிறகு ஒரு காலைத் தூக்கி விளிம்புக்கு இந்தப் பக்கம் போட்டார், ஷூவோடு, பேண்டோடு, சட்டைப்பையில் பேனாவோடு, தண்ணீருக்குள் விழுவது போல இறங்கினார். படகு ஆடியது. உப்புத்தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது, மாஸ்க் நனைந்து மூக்கோடும் வாயோடும் ஒட்டிக்கொண்டது, அதற்குள்ளே அழுகையும் வந்துவிட்டதால் மூச்சு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் துணி சுருங்கிச் சுருங்கி விரிந்தது. சவம், இது ஒண்ணு, என்று பியூலா கயிற்றுக்கு மேல் எட்டி அதைக் காதிலிருந்து பிடுங்கி எறிந்தாள். அவர் முகம் முழுசாக வந்தது. ஒட்டிப்போன கன்னம், சரியாகச் சவரம் செய்யாத தாடை. "டிஸ்டன்ஸ், மேடம், டிஸ்டன்ஸ்!" என்று கரையிலிருந்து கத்தினான் காவல்காரன். இவர்களுக்கு நடுவில் கயிறு மட்டும்தான் இருந்தது, அதுவும் இரண்டுபேர் பாரத்தில் தண்ணீருக்குள் அமிழ்ந்துவிட்டது. அவர் அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார், நீச்சல் தெரியாதவன் பிடிக்கிற பிடி. படகுக்காரன் எஞ்சினை நிறுத்தினான். "எனக்கு ஒண்ணும் தெரியாது பியூலா," என்றார் அவர். "நீ சொல்ல வந்தப்பல்லாம் நான் போன வச்சிட்டேன். இப்பச் சொல்லு. முதல்லேருந்து சொல்லு. ஒண்ணும் விடாத." படகுத்துறையில் இப்போது இரண்டு மூன்று பேர் கூடியிருந்தார்கள், யாரோ படகு எடுக்கப் போகிறார்கள், வந்து பிரித்துவிடத்தான் போகிறார்கள், வரட்டும், வருவதற்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு. மீதியை அவர் வீட்டுக்கு வந்து கேட்கட்டும். பியூலா மூக்கை உறிஞ்சினாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "அண்ணைக்கு அவ நேரத்தோட எழும்பிட்டா," என்றாள். "எழும்பி வந்து, தோச வேண்டாம்மா, வயிறு ஒருமாதிரி இருக்குண்ணா. நான் நம்பல்ல."